துருக்கிக் குளியலுக்கு ஓர் எண்ணெய்ப் போத்தல்

காலை பத்து மணி இருபது நிமிடம். எங்கள் முன்னால் நீண்டது ஒரு பித்தளைத் தட்டு.

தட்டை ஏந்தி நின்றவர் ஹதிஜே. துருக்கிப் பெண். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூட்டை தூக்குகிறவரைப் போல அகலமான தோள். உள்ளே வெக்கையில் உலோகம் சுடும், கழற்றக்கூடியதையெல்லாம் இதில் போடுங்கள் என்று பிரெஞ்சில் சொன்னார். முதலில் என் கைக்கடிகாரம் விழுந்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பது அதனால்தான். அடுத்து மெலனியின் மூன்று மோதிரங்கள். அதற்கு மேல் பற்றிமா அக்காவின் இரண்டு காப்புகள், ஒரு சோடித் தோடு.

ஸ்ரெல்லா தன் தோட்டை ஒற்றைக் கையால் கழற்றப் பார்த்தாள். மற்றக் கை தோளில் கிடந்த துவாயை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் கழற்றிக் கொடுத்தேன்.

ஹதிஜே பற்றிமா அக்காவின் கழுத்தையும் ஸ்ரெல்லாவின் கழுத்தையும் பார்த்தார். தாலிக்கொடியை விரலால் சுட்டினார். இருவரும் ஒரே நேரத்தில் நெஞ்சில் கை வைத்தார்கள்.

"அது வராது," என்றார் பற்றிமா அக்கா, தமிழில். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

கடைசியாக அவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தட்டில் வைத்தார். கண்ணாடியோடு உள்ளே வரலாம், நிறையப் பேர் வருகிறார்கள் என்றார் ஹதிஜே.

"வேண்டாம். ஆவிப் புகார் பிடிச்சுக்கொண்டே இருக்கும்," என்றார் பற்றிமா அக்கா. பிறகு எங்களைப் பார்த்து, "ஆனால் பிள்ளையள், இது இல்லாட்டி நான் அரைக் குருடி. ஒருத்தரும் என்னை விட்டிட்டுப் போயிடாதேங்கோ," என்றார்.

ஸ்ரெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கிழமைகளுக்குப் பிறகு அன்றுதான் அவள் ஒழுங்காக மூச்சு விட்டதைப் பார்த்தேன்.

நாலு பேருக்கு ஒரு சீட்டு

சென்ற கிழமை இந்தப் பக்கத்தில் ஹமாம் என்று ஒரு சொல்லைப் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அது என்ன இடம், போனால் என்ன செய்வார்கள், உடுப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டுச் சிலர் எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒரேயொரு சனிக்கிழமை. அதைச் சொல்கிறேன்.

ஒரு பெயரைத் தவிர மற்றப் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்த ஒன்றை மாற்றினால் கதையில் ஒரு துண்டு போய்விடும். எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். ஸ்ரெல்லா ஒரு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றாள். பற்றிமா அக்கா யோசிக்கவில்லை. "எழுதுங்கோ. எண்ணெய்ப் போத்தலை மட்டும் விட்டிடாதேங்கோ," என்றார்.

ஸ்ரெல்லா மன்னார்ப் பெண். பாரிசுக்கு வடக்கே வில்லியே லே பெலில் இருக்கிறாள். பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. ஒரே மகள் மெலனி, பாரிசில் பிறந்தவள், மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மெலனி கட்டப்போகிற பையனின் தாய்தான் பற்றிமா அக்கா. யாழ்ப்பாணக் கத்தோலிக்கர். கூசேன்வில்லில் வீடு. விமான நிலையத்தில் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் வேலை. இருபது வருடங்களாகத் தட்டு அடுக்கியதால் வீட்டில் சோறு போடும்போதும் ஒவ்வொரு கறிக்கும் ஓர் அளவான இடம் வைத்துத்தான் போடுவார்.

பையனின் அக்கா சிந்தியா, மணப்பெண்ணுக்கு என்று ஒரு பரிசுச் சீட்டு வாங்கியிருந்தாள். துருக்கி ஹமாம், பெண்களுக்கு மட்டுமான நேரம், சனி காலை, நாலு பேர்: மெலனி, இரண்டு தாய்மார், சிந்தியா. பிரான்சில் பிறந்த பிள்ளைகளிடம் இப்போது இது ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன் பெண்கள் கூடி எங்காவது போவார்கள். சிந்தியா நல்ல மனத்தோடுதான் செய்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளி மாலை ஸ்ரெல்லா தொலைபேசியில் வந்தாள்.

"அக்கா, சிந்தியாவின்ரை பிள்ளைக்குக் காய்ச்சலாம். அவளின்ரை இடத்துக்கு நீங்கள் வாறியள்."

"எனக்கு வெக்கை ஒத்துக்கொள்ளாது, ஸ்ரெல்லா."

"எனக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுமோ? என்ரை முதுகுக்கு முன்னாலை நிக்க ஒரு ஆள் வேணும்."

முதுகு

ஸ்ரெல்லாவின் முதுகில் வெண்படை இருக்கிறது. வலது தோளிலிருந்து இடுப்பு வரை, வரைபடத்தில் தீவுக்கூட்டம் இருப்பதைப்போலச் சிறிதும் பெரிதுமாக. மேலே ஒரு தீவு பின்கழுத்தைத் தொடுகிறது.

இது எனக்குத் தெரிய வந்தது பல வருடங்களுக்கு முன்னர். தோல் வைத்தியரிடம் அவளுக்கு மொழிபெயர்க்கப் போனவள் நான். தொற்றாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, பிள்ளைகளுக்குக் கட்டாயம் வரும் என்றும் இல்லை என்றார் வைத்தியர். அத்தனையையும் மொழிபெயர்த்தேன். ஸ்ரெல்லா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வராது எண்டு எழுதித் தருவாரோ?"

வைத்தியர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய அக்காவுக்குப் புறங்கையில் சதக் குற்றிக் காசு அளவில் ஒரு வெள்ளை இருந்தது. மன்னாரில் பேசி முற்றாகியிருந்த கல்யாணம். மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கு வந்தார், தேத்தண்ணீர்க் கோப்பை நீட்டிய கையைப் பார்த்தார், குடிக்காமல் வைத்தார். அந்த அக்கா பிறகு கட்டவே இல்லை.

ஆகவே ஸ்ரெல்லா பாரிசுக்கு வந்த நாளிலிருந்து முதுகை மூடினாள். கோடையிலும் கழுத்து மூடிய சட்டை. சேலைச் சட்டை தைக்கக் கொடுத்தால் பின்பக்கம் காது வரை வேண்டும் என்று நிற்பாள். கடற்கரைக்குப் போனால் பைகளுக்குக் காவல். வருடக்கணக்கில் ஒரே கோயிலில் பூசை காண்கிற பெண்களுக்கும் தெரியாது.

என் பழைய தொழிலில் இதற்கு ஒரு பக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் என்னை மணமக்கள் விளம்பர மேசையில் இருத்தியிருந்தார்கள். எழுதிக் கொண்டுவருவதை வாசித்து, வரிகளை எண்ணி, பிழை திருத்தி உள்ளே அனுப்ப வேண்டும். ஒரு நாள் ஒரு தகப்பன் மகளுக்கு விளம்பரம் கொண்டுவந்தார். நாலாவது வரியில் "முழங்கையில் தீப்பட்ட தழும்பு உண்டு" என்று இருந்தது. நான் இரண்டு தரம் வாசித்தேன். அந்த மேசையில் அப்படி ஒரு வரியை அதற்கு முன் கண்டதில்லை. ஒரு மணித்தியாலத்தில் மனிதர் சைக்கிளில் திரும்பி வந்தார்.

"அந்த நாலாவது வரியை வெட்டி விடுங்கோ தங்கச்சி. வீட்டிலை மனிசி சாப்பிடாமல் படுத்திட்டுது."

வெட்டினேன். விளம்பரம் மூன்று வரியில் வந்தது.

பூச்சு

மெலனிக்குத் தாயின் முதுகு தெரியும். அவளுடைய யோசனை எளிமையானது: மாமியிடம் சொல்லிவிடலாம்.

"சொல்லு, மம்மா. அதிலை என்ன இருக்கு?" என்று மகள் பிரெஞ்சில் கேட்க, தாய் தமிழில் பதில் சொல்வாள்.

"ஓலை வாசிக்கட்டும், பிறகு பாப்பம்."

கோயிலில் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவித்தல், வாசிக்கத் தொடங்குவது அந்தச் சனிக்கு அடுத்த நாள், ஞாயிறு. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். ஒருமுறை பெயர்கள் சபையில் வாசிக்கப்பட்டுவிட்டால் பின்வாங்குவது கடினம் என்பது ஸ்ரெல்லாவின் கணக்கு. மண்டபம், உடுப்பு, நகரசபைப் பதிவு எதுவும் அவளுக்குக் கணக்கில்லை. அந்த ஒரு சனியைத் தாண்ட வேண்டும்.

இரத்த அழுத்தம் என்று சொல்லிப் பார்த்தாள். "எனக்கும் பிரஷர் இருக்கு, ரெண்டு பேரும் மெதுமெதுவாய்ப் போவம்," என்றார் பற்றிமா அக்கா. அதற்கு மேல் மறுத்தால் சம்பந்தியை மதிக்கவில்லை என்றாகிவிடும்.

கடைசியில் மெலனி தன் மருந்துக்கடையிலிருந்து ஒரு கிறீம் கொண்டுவந்தாள். தோலின் நிறத்திலேயே இருக்கும், தழும்பை மறைக்கப் பூசுவது, தண்ணீருக்குப் போகாது. ஸ்ரெல்லா இரண்டு கிழமை வீட்டுக் குளியலறையில் பரீட்சை வைத்தாள். கை எட்டாத இடங்களுக்கு மகள் பூசினாள். சுடுதண்ணீர், சோப்பு, துவாய் எல்லாவற்றுக்கும் பூச்சு அசையாமல் நின்றது.

நல்லெண்ணெயை அவர்கள் பரீட்சித்துப் பார்க்கவில்லை.

ஒரே தெரு

லாச்சப்பல் சந்தியிலிருந்து ஹமாமுக்கு நடந்தே போனோம். புபூர் சென் தெனித் தெரு ஒரு நீளமான தெரு. மேல் முனையில் எங்கள் ஆட்கள்: மரக்கறிக் கடை, நகைக்கடை, சேலைக்கடை, கொத்து ரொட்டி தட்டும் சத்தம். கார் து நோரைத் தாண்டி, அடுத்த நிலையத்தையும் தாண்டிக் கீழே இறங்கினால் கடைப் பலகைகளில் எழுத்து மாறும். சுழலும் இறைச்சி, எள்ளு ஒட்டிய வளைய ரொட்டி, தாடி மழிக்கும் கடைகள். அது துருக்கியரின் முனை. அரை மணித்தியாலம்கூட நடக்க வேண்டியதில்லை. லாச்சப்பலில் பல வருடம் சாமான் வாங்கிய பற்றிமா அக்கா அந்த முனைக்கு அன்றுதான் முதலில் வந்தார்.

"உங்கடை மன்னார் மாதிரி இருக்கு. ஒரே புழுதியும் கழுதையும்," என்றார் ஸ்ரெல்லாவிடம். தெரு திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. கழுதை எதுவும் இல்லை.

"யாழ்ப்பாணத்தாருக்குப் பாலம் தாண்டினால் எல்லாம் கழுதைதான்," என்றாள் ஸ்ரெல்லா. பயத்திலும் அவளுக்கு வாய் இருந்தது. எனக்கு அது பிடிக்கும்.

வாசலில் பெயர் கேட்டார்கள். பற்றிமா என்று சொன்னதும் ஹதிஜேயின் முகம் மலர்ந்தது. "பாத்மா!" என்று இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகளில் பாத்திமா மாதாவின் பெயரைப் பெண்பிள்ளைகளுக்கு வைப்பார்கள் என்பதை ஹதிஜேக்கு யாரும் விளக்கவில்லை. பற்றிமா அக்காவும் திருத்தவில்லை. முத்தத்தை வாங்கிக்கொண்டு, கழுத்துச் சிலுவையை மட்டும் மெல்லச் சட்டைக்குள் தள்ளினார். அன்று முழுவதும் எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி.

போத்தல்

உடை மாற்றும் அறை குளிராக இருந்தது. ஆளுக்கொரு மெல்லிய பருத்தித் துணி தந்தார்கள். சாரம்போலக் கட்டம் போட்டது, ஓரத்தில் குஞ்சம். துருக்கியர் அதைப் பெஷ்தெமால் என்கிறார்கள். எப்படிக் கட்டுவதென்று காட்ட வந்த பெண், இரண்டு தாய்மாரும் நொடியில் குறுக்குக்கட்டாகக் கட்டி நின்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு புதுப்பாடம் இல்லை. மெலனிக்குத்தான் இரண்டு தரம் அவிழ்ந்தது.

ஸ்ரெல்லா கட்டுக்கு மேல் தோளைச் சுற்றித் துவாயும் போட்டுக்கொண்டாள். சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். இதுவரை எல்லாம் பேசிவைத்தபடி.

அப்போது பற்றிமா அக்கா கைப்பையைத் திறந்து ஒரு போத்தல் எடுத்தார். பழைய ஜாம் போத்தல். உள்ளே மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்.

"சுடுதண்ணிக்குப் போறம், எண்ணெய் வைக்காமல் போறதோ? சூடு தலைக்கு அடிச்சிடும். வா பிள்ளை."

மெலனியின் உச்சியில் ஒரு கை எண்ணெய். பிறகு என் தலையில். ஆளை ஆள் கேட்டு வைக்கவில்லை, வரிசையாக வைத்தார், விமான நிலையத்துத் தட்டுகளைப்போல. அடுத்து ஸ்ரெல்லா.

"எனக்கு வேண்டாம் அக்கா, தடிமன் பிடிக்கும்."

"என்ரை கையாலை வைக்கிறன், பிடிக்காது. குனியுங்கோ."

சம்பந்தியின் கை தலையில் பட்ட பிறகு ஸ்ரெல்லா என்ன செய்வாள்? குனிந்தாள். பற்றிமா அக்கா உச்சியில் வைத்துத் தேய்த்தார். காதோரம் தேய்த்தார். வழிந்த எண்ணெயைப் பின்கழுத்தில் கட்டைவிரலால் இழுத்துத் தேய்த்தார், துவாயின் ஓரம் வரை.

கை நின்றது. ஒரு விநாடியோ இரண்டோ. பிறகு அவர் விரலைத் தன் கட்டுத் துணியில் துடைத்தார். துணியில் மண்ணிறமாக ஒரு கீற்று. போத்தலை மூடினார். "இவ்வளவு காணும்," என்றார்.

ஹதிஜே பித்தளைத் தட்டோடு வந்தது அதன் பிறகுதான்.

உள்ளே

கேட்டு எழுதியவர்களுக்காக: உடுப்பு முழுவதும் கழற்றத் தேவையில்லை. கட்டுத் துணியும் உள்ளாடையும் இருக்கலாம். முதலில் மிதமான சூட்டில் ஓர் அறை, பிறகு நல்ல சூட்டில் ஓர் அறை. நடுவில் எட்டு மூலைச் சலவைக்கல் மேடை, அடியிலிருந்து சூடேறும். துருக்கியர் அதைத் தொப்புள் கல் என்பார்கள். மேலே குவிந்த கூரை, அதில் சிறு வட்டக் கண்ணாடிகள். வெளிச்சம் ஆவிக்குள் கம்பு கம்பாக இறங்கும்.

நீந்தத் தொட்டி கிடையாது. தேங்கிய தண்ணீரில் இறங்குவது அவர்களுக்குச் சுத்தம் இல்லை. சுவரோரம் கல் தொட்டிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். செம்புக் கிண்ணத்தால் அள்ளி வார்க்க வேண்டும்.

"இதைத்தானே நாங்கள் வாளியோடை செய்தனாங்கள்," என்றார் பற்றிமா அக்கா. என் கையை அவர் விடவில்லை. "இது ஆர், மெலனியோ?"

"நான் அக்கா."

"அதுதானே பாத்தன், என்ன இவ்வளவு தொய்ஞ்ச கை எண்டு."

கால் மணித்தியாலம் கல்லில் கிடந்து வேர்க்க வேண்டும். பிறகு கரடுமுரடான ஒரு துணிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஹதிஜே வருவார். அதைக் கெஸே என்கிறார்கள். தோளிலிருந்து குதிக்கால் வரை உரஞ்சுவார். வேர்த்து ஊறிய உடம்பிலிருந்து பழைய தோல் அழிறப்பர்த் தூள்போலச் சாம்பல் நிறத்தில் உருண்டு வரும். கேட்க அருவருப்பாக இருக்கும். பார்க்கவும் அப்படித்தான். ஆனால் கிடப்பவருக்குச் சுகம்.

உரஞ்சுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உடம்பில் கிறீம், எண்ணெய் எதுவும் இருக்கக்கூடாது.

மெலனியின் தோளில் கையுறை வழுக்கியது. ஹதிஜே இன்னொரு தரம் அழுத்தினார். மறுபடி வழுக்கியது. கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது என்ன?"

"நல்லெண்ணெய்," என்றார் பற்றிமா அக்கா கல்லுத்தொட்டிப் பக்கமிருந்து. நான் மொழிபெயர்த்தேன். எள்ளு என்ற சொல்லைக் கேட்டதும் ஹதிஜே இடுப்பில் கை வைத்தார்.

"எள்ளை நாங்கள் சாப்பிடுவோம், பாத்மா! பூசிக்கொண்டு வருவதில்லை!"

அதையும் மொழிபெயர்த்தேன். பற்றிமா அக்கா சிரித்த சிரிப்பு கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. பக்கத்துக் கல்லில் கிடந்த இரண்டு துருக்கிப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். தண்டனையாக எங்கள் நால்வருக்கும் முதலில் சோப்புக் குளிப்பு என்று தீர்ப்பாயிற்று.

மெலனி முடிந்தது, நான் முடிந்தேன். பற்றிமா அக்கா, தன்னைத் தானே கழுவத் தெரியும் என்று தொட்டியடியில் இருந்து கழுவினார். ஹதிஜே ஸ்ரெல்லாவிடம் வந்தார்.

"வேண்டாம், மேர்சி, வேண்டாம்," என்றாள் ஸ்ரெல்லா. ஹதிஜேக்கு அது ஒவ்வொரு நாளும் கேட்கிற சொல். துவாயை எடுத்து மடித்து ஓரத்தில் வைத்தார். ஸ்ரெல்லாவைத் திருப்பிக் குப்புறப் படுக்கவைத்து, கட்டுத் துணியை இடுப்புக்கு இறக்கி, சோப்பு நுரைத்த கையால் கழுத்திலிருந்து கீழே ஒரு இழுவை இழுத்தார்.

தண்ணீருக்கு நின்ற பூச்சு எண்ணெய்க்கு நிற்கவில்லை. எண்ணெய் கழுத்திலிருந்து ஏற்கெனவே கீழே இறங்கி அதைக் கரைத்திருந்தது. சோப்பு மிச்சத்தை எடுத்தது. ஹதிஜே ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றினார். மண்ணிறத் தண்ணீர் சலவைக்கல்லில் வழிந்து, நிலத்து வாய்க்காலில் இறங்கி, தொட்டியடியில் இருந்த பற்றிமா அக்காவின் கால்களை நோக்கிப் போனது.

தீவுகள் எல்லாம் வெளியே வந்திருந்தன.

நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். அதற்காகத்தானே என்னைக் கூட்டிப்போனார்கள். ஆனால் நான் ஒரு ஒடுங்கிய பெண், என் பக்கங்களில் நிறைய இடம் இருந்தது. மெலனி எழுந்து உட்கார்ந்தாள். ஸ்ரெல்லா கல்லில் முகத்தை அழுத்திக் கிடந்தாள். என் கணுக்காலை அவள் கை பிடித்திருந்தது. அந்த இடம் பிறகு இரண்டு நாள் நொந்தது.

தண்ணீர் பற்றிமா அக்காவின் பெருவிரலைத் தொட்டது. அவர் கிண்ணத்தை நிரப்பி நிலத்தில் ஊற்றினார். இன்னொரு கிண்ணம். வாய்க்கால் வெள்ளையாயிற்று.

"கல்லு காலைச் சுடுது," என்றார். பிறகு குரலை உயர்த்தி, "ஸ்ரெல்லா, எங்கை இருக்கிறியள்? இந்தப் புகைக்குள்ளை ஒரு ஆளையும் தெரியேல்லை."

"இஞ்சை, மாமி," என்றாள் மெலனி.

"நீ கிடக்கிறது கேக்குது பிள்ளை. காதுக்குப் பின்னாலை நுரை நிக்குது, கழுவு."

மெலனி கழுவினாள்.

ஹதிஜே ஸ்ரெல்லாவின் முதுகை ஒரு தடவை பார்த்தார். வலக்கைக் கெஸேயைக் கழற்றி வைத்தார். அந்த முதுகை மட்டும் வெறும் உள்ளங்கையால் கழுவினார். அடுத்து, தலையணை உறைபோல ஒரு பையைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து, காற்றை அடைத்து, மேலிருந்து கீழே பிழிந்தார். முழங்கை உயரத்துக்கு நுரை விழுந்தது. எங்கள் நாலு பேருக்கும் அப்படித்தான் விழுந்தது. சற்று நேரம் எல்லா முதுகும் வெள்ளை.

நுரையைக் கழுவ ஹதிஜே கிண்ணத்தை எடுத்தபோது பற்றிமா அக்கா எழுந்தார்.

"என்னை அங்கை கூட்டிக்கொண்டு போங்கோ," என்று கையை நீட்டினார். கூட்டிப்போனேன். கல்லைத் தடவிப் பார்த்து, ஸ்ரெல்லாவின் தலையைத் தடவிப் பார்த்து, கிண்ணத்தைக் கேட்டு வாங்கினார். "நான் வைச்ச எண்ணெய். நான்தான் வாக்க வேணும்."

மூன்று கிண்ணம் வார்த்தார். தலைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, முதுகு நீளத்துக்கு ஒன்று. மற்றக் கையால் நுரையை வழித்துவிட்டார். ஸ்ரெல்லாவின் தோள்கள் குலுங்கின. முகம் முழுவதும் தண்ணீராக இருந்தது. அதில் எது எந்தத் தண்ணீர் என்று நான் பார்க்கவில்லை, ஆகவே எழுத முடியாது.

தேத்தண்ணீர்

கடைசியில் குளிர் அறையில் சாய்ந்து கிடக்க விடுவார்கள். தலைக்கு ஒரு துண்டு, உடம்புக்கு ஒரு துண்டு. இடை ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத தேத்தண்ணீர் வரும். பித்தளைத் தட்டும் திரும்பி வந்தது. அவரவர் பொருளை அவரவர் எடுத்தோம். பற்றிமா அக்கா கண்ணாடியை மாட்டி, என்னென்ன தேத்தண்ணீர் உண்டு என்ற அட்டையை எடுத்துக் கவனமாக வாசித்தார். அப்பிள் தேத்தண்ணீர் கேட்டார்.

ஸ்ரெல்லா என் பக்கம் சாய்ந்தாள். துவாய் தோளுக்குத் திரும்பியிருந்தது.

"கண்ணாடி கழட்டினதாலை தப்பினன் அக்கா," என்று காதுக்குள் சொன்னாள். "அந்தோனியாருக்கு மெழுகுதிரி வைக்க வேணும்."

"ரெண்டு வை," என்றேன்.

பற்றிமா அக்கா அட்டையைக் கீழே வைத்தார். "ஸ்ரெல்லா, கலியாணச் சட்டை தைக்கிற விசயம். லாச்சப்பல் தையல்காரிக்கு நான் நாளைக்குச் சொல்லப்போறன். உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரி, பின்பக்கம் கழுத்து வரைக்கும் மூடித்தான். இந்த வயசிலை முதுகைத் திறந்து ஆருக்குக் காட்டுறது?"

"ஓம் அக்கா, எனக்கும் அதுதான் விருப்பம்," என்றாள் ஸ்ரெல்லா.

நிச்சயதார்த்தத்துக்குப் பற்றிமா அக்கா போட்டிருந்த சட்டை பின்பக்கம் பாதி முதுகுக்கு இறக்கி, கயிறு கட்டி, குஞ்சம் தொங்கவிட்டது. அந்தப் படங்கள் என்னிடம் இருக்கின்றன.

அடுத்த நாள் பூசை முடிவில் ஓலை வாசித்தார்கள். இரண்டு பெயர்களும் தெளிவாகக் கேட்டன. ஸ்ரெல்லா முழங்காலில் இருந்தாள்.

கார் து நோர்

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு பின்னேரம் லாச்சப்பலில் பற்றிமா அக்காவைச் சந்தித்தேன். இரண்டு கையிலும் பை: முருங்கைக்காய், கருவாடு, ஒரு சின்னப் போத்தல் நல்லெண்ணெய். வில்லியே லே பெலுக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போகிறார். ஸ்ரெல்லாவுக்கு முழங்கால் நோவாம். ஒரு பையை நான் வாங்கிக்கொண்டேன். கார் து நோரின் கீழ்த்தளத்துக்குப் படி இறங்கினோம்.

மேடையில் நல்ல சனம். எந்த ரயில் எங்கே நிற்கும் என்று காட்டும் திரை மேடையின் மறு முனையில் தொங்கியது. எனக்கு நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் மட்டும் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று நடக்கத் தொடங்கினேன்.

"நில்லுங்கோ, ஏன் நடக்கிறியள்?" என்றார் பற்றிமா அக்கா. "முதல் வாறது வில்லியே லே பெலிலை நிக்காது. அடுத்தது நிக்கும், பிறகு கூசேன்வில். பதினொரு நிமிசம். கடைசிப் பெட்டியள் ரெண்டும் குறைவாம், முன்னுக்கு ஏறட்டாம்."

நாங்கள் நின்ற இடத்துக்கும் திரைக்கும் இடையில் ஒரு ரயில் பெட்டியின் நீளம் இருக்கும். அவருடைய கண்ணாடி, நான் வைத்திருந்த பையில், கருவாட்டுக்கு மேல், அதன் உறைக்குள் இருந்தது.